தைப்பிங் பல ஊரான கதை

அந்தக் காலத்தில் காட்டு வாத்துகளுக்கு நன்றாகப் பேச வரும். ஆமைக்கும் வரும். ஆனால் அது ஒரு பேச்சைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்க நின்றவர் போய் ஒரு வயலை உழுதுவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதால், அதனிடம் யாரும் வாயைக் கொடுப்பதில்லை. வாத்துகள் அப்படியில்லை, பேச ஆரம்பித்தால் ஓயாது.

சீன தேசத்தில் அப்போது ஓர் ஊருக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஓர் ஊர். இரண்டு ஊர்கள் ஒரே பெயரை வைத்துக்கொள்வது யாரும் கேள்விப்படாத விஷயம். ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் ஒரு சின்ன மாடத்தில் எல்லைச்சாமி ஒருவர் குடியிருந்தார். வெள்ளைத் தாடியும் தொப்பையுமாக, பார்த்தால் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் எழுந்தவர் போல இருப்பார். பயிரைப் பார்த்துக்கொள்வது, பிறப்பு இறப்பை மேலுலகத்துக்குச் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஊர்ப் பெயரைக் காப்பதும் அவர் பொறுப்புதான். வேறோர் ஊர் அந்தப் பெயரைத் தொட்டால் மேலே போய் வழக்குப் போட்டுவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் மனிதர்களைவிட வாத்துகளுக்குத்தான் லாபம். குளிர் தொடங்கும் கூதிர் காலத்தில் தெற்கே போகும்போதும் இளவேனிலில் வடக்கே திரும்பும்போதும், தாழப் பறந்து வந்து, "இது எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுப் போகும். இன்ன ஊர் வந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும், இன்ன ஊர் வந்தால் ஏரி பக்கத்தில் இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருக்கும். மலை எது, ஆறு எது என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சோம்பேறித்தனமான வழிதான், ஆனாலும் நன்றாகவே நடந்துவந்தது.

தைப்பிங் என்ற ஊர் ஒரு பெரிய மஞ்சள் நிற ஆற்றின் கரையில் இருந்தது. பேரமைதி என்று அந்தப் பெயருக்குப் பொருள். அந்த ஊர்க்காரர்கள் அப்படியொன்றும் அமைதியானவர்கள் இல்லை. கூய்லான் என்ற பெண்ணும் அவள் பக்கத்து வீட்டு ஸூயிங்கும், யார் வீட்டுச் சாக்கடை யார் வாசலில் ஓடுகிறது என்று சண்டை போட்டு, அதன்பின் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள்.

கூய்லான் சோயா மொச்சையை அரைத்துப் பாலெடுத்து, பன்னீர்க்கட்டி போன்ற டோஃபு செய்து விற்பவள். பாலைக் காய்ச்சி அதைத் திரிய வைக்க அவள் கடையில் எதையும் வாங்குவதில்லை. நேற்றைய டோஃபுவில் இருந்து வடிந்த தண்ணீரைப் புளிக்க வைத்து, அதில் ஓர் அகப்பை இன்றைய பாலில் விடுவாள். நம் வீட்டில் உறைமோர் விடுகிறோமே, அந்த மாதிரிதான். அவளுடைய புளித்தண்ணீர் ஜாடி அவள் மாமியார் காலத்திலிருந்து வற்றியதில்லை. ஊரில் யார் வீட்டிலாவது ஜாடி கெட்டுப்போனால் கூய்லானிடம் ஓர் அகப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். ஸூயிங்கும் வாங்குவாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவாள்.

கூய்லானின் கணவன் தாஷான் தெப்பக்காரன். மலையில் வெட்டிய மரங்களை மூங்கில் கயிற்றால் தெப்பமாகக் கட்டி, அதன் மேலேயே குடித்தனம் நடத்தி, ஆற்றோடு கடல் வரைக்கும் போவான். மரத்தை அங்கே விட்டுவிட்டு நடந்து திரும்புவான். போகும் வழி ஒன்றுதான், திரும்பும் வழிதான் நிச்சயமில்லை. ஒரு வருஷம் மலைக் கணவாய் வழியாக வருவான், ஒரு வருஷம் நாணல் காட்டுச் சதுப்பு வழியாக வருவான். பாலம் இடிந்திருந்தால் தெற்கே களிமண் வெளியைச் சுற்றிக்கொண்டு வருவான். எப்படியும் இளவேனிலில் பீச் மரம் பூக்கும்போது வாசலில் வந்து நிற்பான். ஊரில் பாதி வீடுகளில் இப்படித் தெப்பத்தில் போனவர்கள் இருந்தார்கள்.

ஒரு கூதிர் காலத்தில், தெப்பங்கள் போன பிறகு, ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டது. மேல்கரையை அறுத்துக்கொண்டு மெதுவாக, பட்டப்பகலில், ஊருக்குள் நடந்து வந்தது. ஆட்களும் பன்றிகளும் பாத்திரங்களும் மேட்டுக்கு வந்து சேர நேரம் இருந்தது. எல்லைச்சாமியின் மாடத்தில் ஊதுபத்தி செருகும் வெண்கலச் சட்டியையும், அதில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாம்பலோடு, யாரோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூய்லான் தன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் இருந்த இடத்தில் ஆறு படுத்திருந்தது. எல்லைச்சாமியும் மேட்டில் வந்து உட்கார்ந்து, நனைந்த செருப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நிலம் கிடையாது. கணவாய்ப் பக்கம் கொஞ்சம், சதுப்பில் கொஞ்சம், களிமண் வெளியில் கொஞ்சம் என்று மூன்றாகப் பிரிந்து போவது என்று முடிவானது. அவரவர் சொந்தக்காரர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் போகலாம்.

எல்லைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லது. மூணு எடத்துக்கும் புதுப் பேரு வச்சுக்குங்க. தைப்பிங்னு இனிமே சொல்லக் கூடாது. நெலம் போனா பேரும் அதோட போயிரும். அதுதான் முறை."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முறை என்றால் முறைதான். கூய்லான் மட்டும் எழுந்து நின்றாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் திரும்பி வர்றப்போ வழியில தைப்பிங் எங்கேன்னு கேப்பாரு. என்ன சொல்லுவாங்க?"

"ஆறு கொண்டுபோயிருச்சுன்னு சொல்லுவாங்க. உண்மை அதுதானே."

"அப்புறம் அவரு என்ன செய்வாரு?"

சாமி மறுபடியும் செருப்பைப் பிழிந்தார். பதில் எல்லோருக்கும் தெரியும். முன்பு பக்கத்து ஊர் ஒன்று தீயில் போனபோது இப்படித்தான் நடந்தது. தெப்பத்திலிருந்து திரும்பிய ஒருவனிடம், "அந்த ஊரா? எல்லாம் எரிஞ்சு போச்சே" என்று வழியில் யாரோ சொன்னார்கள். அவன் அங்கேயே தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான். அவன் மனைவியோ அடுத்த பள்ளத்தாக்கில், புதுப்பெயர் வைத்த ஊரில், பாய் முடைந்துகொண்டு அவனுக்காகக் காத்திருந்தாள். தலை நரைக்கும் வரைக்கும் காத்திருந்தாள். கூய்லான் பயந்தது அதற்குத்தான். தெப்பத்தில் ஆள் போயிருந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அதே பயம் வந்துவிட்டது.

மேட்டில் ஒரே சத்தம். கடைசியில் எல்லைச்சாமி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு கூட்டம் மட்டும் பேரை எடுத்துட்டுப் போங்க. வெண்கலச் சட்டி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் தைப்பிங்."

இதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம். மூன்று கூட்டத்தின் பெரிய மனிதர்களும் சட்டியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சட்டிக்கு மூன்று கால் இருந்தது சௌகரியமாகப் போயிற்று. எங்கள் வழியாகத்தான் அதிகம் பேர் வருவார்கள் என்றார் கணவாய்க்காரர். சதுப்பு வழி குறுக்கு வழி என்றார் இன்னொருவர். பாலம் எப்போதும் இடிந்துதானே கிடக்கிறது, களிமண் வெளிக்குத்தான் வந்தாக வேண்டும் என்றார் மூன்றாமவர். மூவரும் சொன்னது சரிதான். ஒரு வழியில் பெயர் இருந்தால் மற்ற இரண்டு வழியில் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதும் சரிதான்.

ஆண்கள் இழுத்துக்கொண்டிருக்க, பெண்கள் புறப்படும் வேலையைப் பார்த்தார்கள். சதுப்புக்குப் போகிறவர்கள் கூய்லானிடம் வந்து ஒரு குடுவையில் புளித்தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். களிமண் வெளிக்குப் போகிற கூட்டத்தில் ஸூயிங் இருந்தாள். அவளும் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு குடுவையை நீட்டினாள். கூய்லான் ஊற்றிக் கொடுத்தாள். ஊற்றிவிட்டு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். நாளைக்கு ஒரு முறை டோஃபு வடித்தால் ஜாடி மறுபடியும் நிறைந்துவிடும். இந்தக் குடுவைகளும் போகிற இடத்தில் ஜாடி ஜாடியாக ஆகிவிடும். அங்கே செய்வதும் இதே டோஃபுதான்.

அவள் ஜாடியை மூடி வைத்துவிட்டு நேராகப் போனாள். மூன்று பெரிய மனிதர்களின் கைகளுக்கு நடுவே தன் கையை விட்டு, சட்டியிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளினாள்.

அதைச் சதுப்புக்குப் போகும் ஒரு பெண்ணின் இடுப்புத்துணியில் போட்டு முடிந்தாள். இன்னொரு பிடியை ஸூயிங்கின் கையில் வைத்தாள். "போற எடத்துல ஒரு புதுச் சட்டி வச்சு அதுல இதைப் போடு. ஊதுபத்தி ஏத்து. யாரு கேட்டாலும் இது தைப்பிங்னு சொல்லு. நாங்களும் அப்படியே சொல்றோம்."

சாமி பதறிப்போய் எழுந்தார். "ஒரு பேரு மூணு ஊருக்கா? மேலே கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஊரு ஒண்ணுதான், தள்ளித் தள்ளி இருக்குன்னு சொல்லுங்க சாமி," என்றாள் கூய்லான். "நீங்களும் இந்தச் சாம்பல்லதானே இருக்கீங்க. மூணு எடத்துலயும் இருக்கலாம். மூணு எடத்துலயும் ஊதுபத்தி, மூணு எடத்துலயும் படையல்."

எல்லைச்சாமி இதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று படையலுக்கு அவர் சம்மதம்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் வாத்துகள் சும்மா இருக்கவில்லை. தெற்கே போகிற வழியில் மேட்டில் இறங்கி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து, மூத்த பெண் வாத்து ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மேலே பறக்குறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை யோசிச்சியா? தைப்பிங் வந்தா இடது பக்கம் திரும்பணும்னு என் பாட்டன் காலத்துலேருந்து பழக்கம். மூணு எடத்துலயும் திரும்பினா நாங்க எங்க போய்ச் சேருறது?"

 தப்புதான் என்று கூய்லான் ஒப்புக்கொண்டாள்.

"எங்களை விடு," என்றது வாத்து. "உன் புருஷன் வேற தைப்பிங்ல போய் நிப்பான். இது நம்ம ஊரு இல்லையேன்னு அவனும் திரும்பிப் போயிருவான். அப்போ என்ன செய்வே?"

இது அவளைச் சுட்டது. அவள் பெண்களை மறுபடியும் கூப்பிட்டாள். "தைப்பிங்னு கேட்டு யாரு வந்தாலும், இது அந்த ஊரு இல்லைன்னு எடுத்தவுடனே சொல்லிராதீங்க. வந்துட்டீங்க, உக்காருங்கன்னு சொல்லிச் சோறு போடுங்க. சாப்பிட்ட பிறகு எந்த வீடுன்னு விசாரிச்சு வழி சொல்லி அனுப்புங்க. வயிறு நிறைஞ்சவன் மனசு உடைஞ்சு போகமாட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸூயிங்கும் ஆட்டினாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

குளிர்காலம் போனது. தாஷானின் சொந்தக்காரர்கள் கணவாய்க்குப் போனதால் கூய்லானும் அங்கேதான் இருந்தாள். பீச் பூத்தது. தெப்பக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். "வந்துட்டீங்க, உக்காருங்க," என்று அவள் ஒவ்வொருவருக்கும் சோறு போட்டாள். சிலர் கணவாய் வீட்டுக்காரர்கள், சிலர் சதுப்பு வீட்டுக்காரர்கள். "உங்க வீடு சதுப்புல இருக்கு, நாளைக்குப் போங்க," என்று சொன்னதும் அந்த ஆண்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு அழுவதை அவள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பீச் பூ உதிர்ந்தது. தாஷான் வரவில்லை.

வடக்கே திரும்பும் வாத்துகள் வந்து இறங்கின. நல்ல கோபத்தில் இருந்தன. சதுப்புத் தைப்பிங்கில் இடது பக்கம் திரும்பி, ஏரியே இல்லாத ஒரு காட்டில் போய் நின்றனவாம். கூய்லான் மொச்சைச் சக்கையை ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினாள். தின்ற பிறகு மூத்த வாத்துக்குக் கோபம் குறைந்தது.

"வழியில அவரைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"மேலேருந்து பாத்தா எல்லா மூங்கில் தொப்பியும் ஒண்ணுதான்," என்றது வாத்து. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தா சொல்லமாட்டேனா?" என்றும் சேர்த்துக்கொண்டது.

தாஷான் அப்போது எங்கே இருந்தான் என்று சொல்கிறேன். பாலம் இடிந்திருந்தது. தெற்கே சுற்றிக்கொண்டு வந்தவன் ஒரு படகுத் துறையில் தைப்பிங் பக்கம் மழை எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்டான். படகுக்காரன் துடுப்பைக் கீழே வைக்காமலே சொன்னான்: "தைப்பிங்கா? ஆறு அதை முழுங்கி எவ்வளவு நாளாச்சு. ஒரு சுவர்கூட மிஞ்சலை."

தாஷான் கரையிலேயே உட்கார்ந்தான். எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் கூய்லானைப் பற்றியும் சொல்லிவிடுவார்களே என்று பயமாக இருந்தது. பிறகு எழுந்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அழுதுகொண்டேதான் நடந்தான். எதிரே கழுதையில் வெறும் சாக்குகளைப் போட்டுக்கொண்டு ஓர் உப்பு வியாபாரி வந்தான். அழுகிற ஆளைப் பார்த்துப் பேசாமல் போவது எப்படி என்று, "எந்த ஊருண்ணே?" என்று கேட்டான்.

"தைப்பிங்," என்றான் தாஷான். "இருந்த ஊரு."

"இருந்த ஊரா? நேத்துதானே அங்க உப்பு வித்துட்டு வர்றேன். களிமண் வெளியில நேராப் போங்க."

தாஷான் அவனை நம்பவில்லை. ஆனாலும் திரும்பினான். களிமண் வெளியில் ஆறும் இல்லை, தெரிந்த மரமும் இல்லை. இது வேறு ஏதோ ஊர் என்று அவன் நிற்கும்போதே ஒரு பெண் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்துட்டீங்க. உக்காருங்க, சாப்பிடுங்க."

அது ஸூயிங். தன் மனைவியோடு சாக்கடைக்காகச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து எந்த ஆணும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டான். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அவள் எதுவும் சொல்லவில்லை. முடித்த பிறகு, "உங்க வீட்டுக்காரி நல்லா இருக்கா. கணவாய்த் தைப்பிங்ல இருக்கா. வாய் அப்படியேதான் இருக்கு," என்றாள்.

தாஷான் ஓட்டமும் நடையுமாகப் போனான். போகிற அவசரத்தில் வழி கேட்கும்போது கணவாய் என்பதைச் சொல்ல மறந்து, தைப்பிங் எங்கே என்று மட்டும் கேட்டான். வழி சொன்னவர்கள் பக்கத்தில் இருந்த சதுப்புத் தைப்பிங்குக்கு அனுப்பி வைத்தார்கள். வாத்து சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அவன் திரும்பிப் போகவில்லை. அங்கேயும் உட்கார வைத்து, மீனும் நாணல் கிழங்கும் போட்டு, இரண்டாம் முறை கேட்டுக் கேட்டுப் பரிமாறி, கணவாய் வரைக்கும் கூடவே ஓர் ஆளையும் அனுப்பினார்கள். தெப்பத்துக்குப் போய் மெலிந்து திரும்பாதவன் என்று ஊரில் பேர் வாங்கியவன் தாஷான் ஒருவன்தான்.

கூய்லான் திரிகையில் மொச்சை அரைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். எத்தனையோ பேருக்குச் சொன்ன அந்த வார்த்தை, தன் புருஷனுக்குச் சொல்ல வரவில்லை.  உள்ளே போய்க் கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"ரெண்டு தைப்பிங்ல சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன்," என்றான் அவன். "ஊரு போயிருச்சுன்னு ஒருத்தன் சொன்னான். நம்பிட்டேன், கூய்லான். திரும்பி நடந்துட்டேன். கொஞ்ச தூரம் போயிட்டேன்."

"கொஞ்ச தூரம்தானே," என்றாள் அவள். அதற்கு மேல் முடியாமல் திரிகையின் மேல் தலையை வைத்து அழுதாள். அவன் வயிற்றில் இடமே இல்லாமல் இருந்தும், அந்தக் கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

இந்தச் செய்தி ஆற்றோடு பரவியது. வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் சண்டைக்கும் பயந்து ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் எல்லோரும், கிளம்புமுன் எல்லைச்சாமியின் சட்டியிலிருந்து ஒரு பிடி சாம்பலை இடுப்பில் முடிந்துகொண்டார்கள், ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். எல்லைச்சாமிகளுக்கு ஊதுபத்தி அதிகமானதால் வழக்குப் போடுவதை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பாவம், வாத்துகளுக்குத்தான் கஷ்டம். கீழே கேட்டுப் பயனில்லை என்று ஆனதும், மலையையும் ஆற்றையும் நினைவில் வைத்திருக்கிற ஒன்றை முன்னால் விட்டு, ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி, தங்களுக்குள்ளேயே கூவிக் கூவிப் பேசிக்கொண்டு போகப் பழகின. நாளாவட்டத்தில் மனிதர் பேச்சு அவற்றுக்கு மறந்தே போயிற்று.

தைப்பிங் என்று கேட்டுக்கொண்டு போனால் இன்று அந்த நாட்டில் மலையிலும் இருக்கிறது, ஆற்றோரத்திலும் இருக்கிறது, கடல் தாண்டிப் போனாலும் ஒன்று இருக்கிறது. மற்றப் பெயர்களும் அப்படித்தான். வழி கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும், ஆனால் யாரும் அதை மாற்றவில்லை. அன்று முதல்தான் சீன தேசத்தில் ஒரு பெயரைப் பல ஊர்கள் வைத்திருக்கின்றன. அன்று முதல்தான் அங்கே வாசலில் வந்து நிற்கிறவரிடம், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள்.